‘மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்’: லேப் பொறுப்பு ஆசிரியர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புக்கு நெகிழிக் கழிவு பற்றி ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். 38 பிள்ளைகள். திருத்த உட்கார்ந்தபோது ஒன்பதாவது நோட்டில், கட்டுரைக்கு நடுவே, முத்து முத்தான கையெழுத்தில், பச்சை ஸ்கெட்ச்சால் அடிக்கோடு போட்ட ஒரு வரி: “மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்.” சிரித்துக்கொண்டே அடுத்த நோட்டை எடுத்தால் அதிலும் அதே வரி. மொத்தம் 14 நோட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ‘பிளாஸ்டிக் ப்ராஜெக்ட்’ என்று கேட்டால் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து இருபது ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. ஒருத்தி வாங்கியிருக்கிறாள், மற்ற 13 பேர் அவளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

14 பேரையும் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினேன். ஒரு பையன் நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “நெட்ல இருந்து எடுத்து எழுதுங்கன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஹைடெக் லேப் என்ற கணினி அறை வந்தபோது, ‘உங்களுக்குத்தான் டைப்பிங் தெரியும்’ என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அன்று முதல் தப்பித் தவறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ‘இணைய ஒழுக்கம்’ என்று தனியாக ஒரு பீரியட் போட்டு அறிவுரை சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். அன்றைய பாடத்துக்குள்ளேயே, கை மவுஸில் இருக்கும்போதே சொல்வதுதான் ஒட்டுகிறது.

முதல் வேலை, ஒரு துண்டுச்சீட்டு

கணினியைத் திறக்கும் முன் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். வீட்டில் இருப்பது என்ன போன், அது யாருடையது, பிள்ளையின் கைக்கு எத்தனை மணிக்கு வரும். மூன்றே கேள்வி, பெயர் வேண்டாம். மடித்துச் சாக்பீஸ் பெட்டியில் போடச் சொல்லுங்கள். ‘போன் இல்லாதவங்க கை தூக்குங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையும் தூக்காது.

என் வகுப்பில் பாதிப் பேருக்குப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புகிறது. சில வீடுகளில் பட்டன் போன்தான். இதைப் படித்த நாளிலிருந்து போன் தேவைப்படும் வீட்டுப்பாடம் எதையும் நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் போன் இல்லாத பிள்ளை ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அந்த 14 நோட்டும் அங்கே பிறந்தவைதான். இணையம் வேண்டிய வேலை எல்லாம் லேபிலேயே முடிய வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பது எண்ணுவது, அளப்பது, பெரியவர்களிடம் கேட்டு வருவது மட்டும்.

கை, வாய், பேனா

எங்கள் லேபில் 20 கணினி இருக்கிறது, 16 ஓடுகிறது. அதில் மூன்று எப்போது நிற்கும் என்று தெரியாது. ஆக, கணினிக்கு மூன்று பேர். சும்மா உட்கார வைத்தால், வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பையன் பீரியட் முழுக்க மவுஸை விடமாட்டான். பெண் பிள்ளைகள் பின்னால் நோட்டோடு நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு வருடம் இதை நானே கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இப்போது ஒருவர் கை, ஒருவர் வாய், ஒருவர் பேனா. மவுஸும் கீபோர்டும் கையிடம் இருக்கும், ஆனால் எதைத் திறப்பது என்று முடிவு செய்ய அதற்கு உரிமை இல்லை. வாய் சொல்லும், தொடக்கூடாது. எந்தத் தளத்துக்குப் போனோம், என்ன கிடைத்தது என்று பேனா எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.டி. சாரிடம் இரவல் வாங்கிய விசிலை ஊதுவேன், மூவரும் இடம் மாறுவார்கள். மவுஸையே தொடாத பிள்ளைக்கும் பத்து நிமிடம் நிச்சயம். இன்னொரு லாபமும் உண்டு. வாய்விட்டுச் சொல்லித்தான் எதையும் திறக்க முடியும் என்பதால் வேண்டாத இடத்துக்குப் போவது தானாகக் குறைந்தது.

கடைசி மூன்று நிமிடம் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறுவதற்கு. ஒரு முறை ஒருவன் தன் மெயிலை மூடாமல் போக, அடுத்த பீரியட் பத்தாம் வகுப்பு அதில் புகுந்து தலைமை ஆசிரியருக்கே ஒரு கடிதம் அனுப்பிவிட்டது. கடிதத்தில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடையில் கிடைக்காத கேள்வி

காப்பி அடிப்பதில் பாதி, நாம் கேட்கும் கேள்வியால் வருவது. ‘நெகிழியின் தீமைகள்’ என்று கேட்டால் பதில் ஜெராக்ஸ் கடையில் தயாராக இருக்கிறது. அடுத்த வருடம் இப்படிக் கேட்டேன்: உங்கள் தெரு டீக்கடையில் ஒரு காலையில் எத்தனை பேப்பர் கப் காலியாகிறது? அந்தக் கப்பின் உள்ளே பூசியிருப்பது என்ன? குடித்துவிட்டுப் போட்ட கப் எங்கே போகிறது? முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் கால் வேண்டும், நடுவில் உள்ளதற்குத்தான் இணையம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது என்று ஒரு குழு கண்டுபிடித்துவிட்டு, “டீக்கடைக்காரர்கிட்ட போய்க் கேக்கட்டுமா மிஸ்?” என்றது. கேளுங்கள், ஆனால் அவர் பிழைப்பு அது, கேட்கும் விதமாகக் கேளுங்கள் என்றேன். ஓசி டீயோடு திரும்பி வந்தார்கள்.

எடுத்து எழுதும் முறைக்கு நான் வைத்திருக்கும் ஒரே பயிற்சி மானிட்டர் பட்டன். ஐந்து நிமிடம் படி. மானிட்டரை அணை. படித்ததைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல் எழுது. பிறகு மானிட்டரைப் போட்டு எண், வருடம், பெயர் மூன்றையும் மட்டும் சரி பார். முதல் தடவை பாதிப் பேர் ‘பிளாஸ்டிக் கெட்டது’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுவார்கள். பரவாயில்லை, நாலாவது தடவை ஒரு பத்தி வரும். ஒரு வாக்கியம் அப்படியே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

அப்புறம், எங்கிருந்து எடுத்தது என்று எழுத வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ‘கூகுள்’ என்று எழுதும். நான் அவர்களிடம் கேட்பது: “எந்த ஊர்லேர்ந்து வர்றேன்னு கேட்டா பஸ்லன்னு சொல்லுவியா?” கூகுள் பஸ்தான். ஏறிய ஊரைச் சொல்ல வேண்டும்: யார் எழுதியது, எந்தத் தளம், நாம் பார்த்த தேதி. படத்துக்கும் இதுவே. படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடச் சொல்லுகிறேன். எடுத்தவர் பெயரும் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் படத்துக்குக் கீழேயே இருக்கும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற இலவசச் செயல்பாடுகளில் மின்சுற்றைத் திரையிலேயே கட்டிப் பார்க்கலாம். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நல்ல சாமான். ஆனால் ஒரு குழுவின் செய்முறை நோட்டில் மின்னோட்டம் 0.50, 1.00, 1.50 என்று பிசிறில்லாமல் இருந்தது. பக்கத்துக் குழுவுக்கு 0.47, 0.93, 1.38. நம் பழைய அம்மீட்டரில் 0.50 வந்தால் அதுதான் ஆச்சரியம். திரையில் எடுத்த அளவை மேசையில் எடுத்ததாக எழுதியிருந்தார்கள். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. தலைப்பில் ‘திரையில்’ அல்லது ‘மேசையில்’ என்று எழுதச் சொன்னேன், இரண்டையும் எடுத்து ஏன் வேறுபடுகிறது என்றும் எழுதச் சொன்னேன். வயர் முனையைச் சுரண்டாமல் மாட்டியிருந்தோம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

647ஆம் குறள்

ஏஐ, அதாவது கேட்டதற்கு எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றிப் பேசாமல் இப்போது லேபைத் திறக்க முடியாது. தடை போட்டால் அண்ணன் போனில் பார்த்துக்கொள்வார்கள். நான் இதைத் தொடங்கியது ஒரு குறளில். என் கணினியில், ப்ரொஜெக்டரில் எல்லோரும் பார்க்க, கல்வி பற்றிய ஒரு திருக்குறளைக் குறள் எண்ணோடு தரும்படி ஏஐயிடம் கேட்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. “கல்வி உடையார் உயர்வார் உலகினில், கல்லார் வாழ்வு வீணாகும் என்றும்”, குறள் எண் 647, கல்வி அதிகாரம் என்றது. பொருளுரையும் கூடவே வந்தது.

வகுப்பு அப்படியே எழுதிக்கொண்டது. நான் எதுவும் சொல்லாமல் ஒரு குறளில் எத்தனை சீர் என்று மட்டும் கேட்டேன். ஏழு என்று கோரஸாகச் சொன்னார்கள். எண்ணுங்கள் என்றேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன், வாசிக்கவே திணறுகிறவன், விரல் விட்டு எண்ணிவிட்டு எழுந்தான்: “எட்டு இருக்கு மிஸ்.” சத்தம் அடங்கிவிட்டது.

அடுத்து எண். அதிகாரத்துக்குப் பத்துக் குறள், மொத்தம் 133 அதிகாரம். அப்படியென்றால் 647 எத்தனையாவது அதிகாரம்? கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி 65 என்றாள். நூலகத்திலிருந்து திருக்குறளை எடுத்து வரச் சொன்னேன். 65ஆவது அதிகாரம் சொல்வன்மை. கல்வி 40ஆவது, 391 முதல் 400 வரை. 647இல் இருந்தது வேறொரு குறள். கணினியிடம் திரும்பித் தவறு என்று தட்டினேன். மிகவும் வருந்தி, மன்னிப்பு கேட்டு, அடுத்த தப்பை அதே பணிவோடு சொன்னது. அன்றைக்கு வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை கணக்கு சார் வந்து எட்டிப் பார்த்தார்.

இந்தப் பாடத்தை நீங்களும் எடுக்கலாம், ஆனால் முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். புதிய செயலிகள் குறளைச் சரியாகவே சொல்லிவிடுவதும் உண்டு. அப்படியானால் உங்கள் ஊர்க் கோயில், ஏரி, பழைய தலைமை ஆசிரியர் என்று உள்ளூர் விஷயத்தைக் கேளுங்கள், சரடு விடும். எதைக் கேட்டாலும், விடையைச் சரிபார்க்க ஒரு புத்தகமோ ஆளோ பக்கத்தில் இருக்கும் கேள்வியாக இருக்கட்டும். பழைய இலக்கியம் என்றால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன.

வீட்டுப்பாடத்துக்கு ஏஐயிடம் எவ்வளவு உதவி வாங்கலாம் என்பதற்கு நான் வைத்த அளவுகோல் பக்கத்து வீட்டு அண்ணன். அவரிடம் புரியாததைக் கேட்கலாம், நீ எழுதியதில் பிழை பார்க்கச் சொல்லலாம், உன்னைக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அவர் எழுதிக் கொடுத்தால் அது அவர் நோட்டு. கேட்டிருந்தால் பக்கத்தின் கீழே ‘அண்ணனிடம் கேட்டது’ என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதற்காக மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுங்கள், கொடுத்தபின் மீறாதீர்கள். இது ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். அவை தவறும். சந்தேகம் இருந்தால் நோட்டை மூடிவைத்து இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். எழுதிய பிள்ளைக்குத் தான் எழுதிய வரி தெரியும்.

மொட்டைக் கடுதாசி

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் மழையோடு விடுமுறைச் செய்தியும் வந்துவிடும். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு.’ பாதி போன வருடத்தியது, சில வேறு மாவட்டத்தினுடையது. செய்தியைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் இல்லை, ஏனென்றால் பிள்ளைகளுக்கு இது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசை உள்ள இடத்தில்தான் ஏமாறுவோம்.

இரண்டு ஃபார்வர்டுகளைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுவேன். தேதி இருக்கிறதா, அதில் வருடம் இருக்கிறதா? எந்த மாவட்டம்? யார் பெயரில்? அதே செய்தி ஆட்சியர் அலுவலகத்தின் பக்கத்தில் இருக்கிறதா? பேரும் தேதியும் இல்லாதது மொட்டைக் கடுதாசி, அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. படங்களுக்கு கூகுள் லென்ஸ்; படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித் தரும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சாய்ந்த தென்னந்தோப்புப் படங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றை ‘நேற்றைய காற்று’ என்று போட்டுக் கொடுத்து, லென்ஸில் தேடி அந்தப் படம் முதலில் வந்த வருடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். என் பிள்ளைகளுக்கு லென்ஸே தேவைப்படவில்லை. “இது கஜா மிஸ், எங்க மாமா தோப்பு மாதிரியே இருக்கு” என்றார்கள்.

இதில் நானும் மாட்டினேன். ஒரு விடுமுறைச் செய்தியைச் சரிபார்க்காமல் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போட்டு, மறுநாள் 11 பிள்ளைகள் வரவில்லை. பள்ளி இருந்தது.

நான் போட்ட போட்டோ

இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அறிவியல் கண்காட்சியில் ஒரு மாணவி பரிசு வாங்கியதைப் படம் எடுத்து என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். பெருமை. சாயங்காலம் அவள் அம்மா நேரில் வந்துவிட்டார். குடும்பத் தகராறில் ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது சில உறவினர்களுக்குத் தெரியக்கூடாது. படத்தில் பேட்ஜ் தெளிவாகத் தெரிந்தது. உடனே அழித்தேன், அதற்குள் 60 பேர் பார்த்திருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “தெரியாம பண்ணிட்டீங்க டீச்சர்” என்றார். திட்டியிருக்கலாம்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையிடமும் கேட்க வேண்டும் அல்லவா? இப்போது கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்தாலும் முகம் தெரியாமல் கை, மாதிரி, முதுகு. பெயர் போடுவதில்லை.

இதையே ஒரு பயிற்சியாகவும் செய்கிறேன். இருவர் இருவராக நின்று, ஒருவர் “போட்டோ எடுக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். மற்றவர் “வேண்டாம்” என்று சொல்லியே ஆக வேண்டும், காரணம் சொல்லக்கூடாது. கேட்டவர் “சரி” என்று கையைக் கீழே இறக்க வேண்டும். ஐந்து நிமிட விளையாட்டு. பெண் பிள்ளைகளுக்கு ‘வேண்டாம்’ வாயிலிருந்து வர நேரம் ஆகிறது. பையன்களுக்கு ‘சரி’ வர அதைவிட நேரம் ஆகிறது.

பிள்ளை வந்து சொல்லும்போது

யாரோ என் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள், யாரோ அசிங்கமாக எழுதுகிறார்கள் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் முதல் கேள்வி ‘நீ ஏன் அங்கே போனாய்’ ஆக இருக்கக்கூடாது. அதோடு அந்த வாய் மூடிக்கொள்ளும். கணக்கின் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை ‘ஆதாரம்’ என்று ஆசிரியர் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், நீங்களும் பரப்பியவர் ஆகிவிடுவீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. சைபர் குற்றங்களுக்கான தேசியப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பாலியல் தொடர்பானது என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘ஸ்கூல் பேரு கெட்டுடும்’ என்று அறையில் யாராவது சொல்வார்கள். அப்போது இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஒரு பாடம்

கடவுச்சொல், ஓடிபி, யூபிஐ மூன்றையும் பிள்ளைகளுக்கு என்று நடத்தினால் காது கொடுக்கமாட்டார்கள். ‘இதை வீட்டில் நீங்கள் சொல்லித்தர வேண்டும்’ என்று கொடுத்தால் கவனிப்பார்கள். கடவுச்சொல்லுக்குச் சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்து நீளமாக வைக்கச் சொல்லுங்கள். பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஓடிபிக்கு நாடகம் போடுகிறோம். நான் வங்கி அதிகாரியாகப் பேசுவேன், ‘உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லும்மா’ என்று கெஞ்சி மிரட்டிக் கேட்பேன். போனை வைத்த பிள்ளை ஜெயித்தது. பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லிக்கொண்டு நின்ற பிள்ளை தோற்றது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930, நேரம் போகப் போக மீட்பது கஷ்டம் என்பதையும் எழுதி வாங்குவேன்.

யூபிஐக்கு ஒரே வரி: பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்குவதற்கு வேண்டாம். இதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைத்துவிட்டு, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதி வர வேண்டும். போன் தேவையில்லாத வீட்டுப்பாடம்.

போன திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் ஒரு அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவர். “பையன் என்னைப் போனைத் தொட விடமாட்டேங்கிறான் டீச்சரம்மா. நேத்து ஒருத்தன் மாவுக்கு அட்வான்ஸ் அனுப்புறேன், பின்னைப் போடுங்கன்னான். இவன் பிடுங்கி வச்சுக்கிட்டான். நெசமாவே காசு வர்றதுக்குப் பின் வேணாமா?” வேண்டாம் என்றேன். நம்பாமல் பார்த்தார். என் போனிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன், எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு. அவர் போன் ‘டிங்’ என்றது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.